கிணற்றுக்கு எத்தனை புள்ளி?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை உள்ள கேரள–தமிழ்நாடு எல்லைப் பகுதியில் வீட்டுக்குள் தமிழும், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தும் பேசுவது வழக்கம். கல்லூரிக்குள் நுழைந்தால் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கும். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் ஒரு கல்லூரியில் நான் புள்ளியியல் கற்பிக்கிறேன்; நாட்டு நலப்பணித் திட்டத்தின், அதாவது எல்லோரும் என்.எஸ்.எஸ். என்று சொல்லும் அமைப்பின், திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் என் வகுப்பில் கணிசமாக உண்டு. அவர்களுடைய வருகைப் பதிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் கண்கள் நோட்டுக்குள் போய்விடும். உயர்கல்வியில் மாணவர் ஈடுபாடு என்று ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் எனக்கு இந்தக் குனிந்த தலைகளாகத்தான் தெரிகிறது.

அந்தக் கூட்டங்களில் இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பாடத்தை விளையாட்டாக்குவது: புள்ளிகள், பட்டயங்கள் (பேட்ஜுகள்), படிநிலைகள், முன்னணிப் பட்டியல். மற்றொன்று, மாணவர்களை ஊருக்குள் அழைத்துச் சென்று சமூகத் தொண்டில் இறக்குவது. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்தே பேசுகிறார்கள். ஒன்று கணினி அறையின் விஷயம், மற்றது சனிக்கிழமையின் விஷயம். இரண்டையும் ஒரே பாடத்துக்குள் கொண்டுவந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. விளையாட்டிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது, செய்த வேலையின் விளைவை உடனுக்குடன் கண்ணில் காட்டும் அதன் முறையை மட்டுமே. தொண்டின் மீது புள்ளியை ஒட்டினால் தொண்டும் கெடும், படிப்பும் கெடும்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். நார்வே நாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்து 2013இல் வெளிவந்த கஹூட் என்னும் வினாடிவினாச் செயலி இன்று எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலும் பழக்கமாகிவிட்டது. திரையில் கேள்வி வரும், கைப்பேசியில் நான்கு வண்ணக் கட்டங்களில் ஒன்றைத் தொட வேண்டும், ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் யார் முன்னால் என்று பட்டியல் வரும். என் வகுப்பில் இதை நடத்தியபோது அறை முழுவதும் விழித்துக்கொண்டது உண்மை. புனைபெயரில் விடை சொல்லலாம் என்பதால், தவறாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று அஞ்சும் பிள்ளைகளும் விடை சொன்னார்கள். விடைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை ஒரே பட்டை வரைபடத்தில் கண்டதும், எந்த இடத்தில் மீண்டும் விளக்க வேண்டும் என்பது எனக்கும் அந்த நொடியே தெரிந்தது. ஒரு மணி நேர விரிவுரையின் முடிவில் புரிந்ததா என்று கேட்டுப் புரிந்தது என்ற பதிலைப் பெறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தச் செயலியின் வழக்கமான விதிப்படி, சரியான விடையை எவ்வளவு விரைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு அதிகப் புள்ளி. ஆங்கிலத்தில் வரும் கேள்வியை ஒரு முறை வாசித்து, மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, அதன் பிறகு விடையைத் தேடும் பிள்ளைக்கு அந்த விதி எதைத் தரும்? கணக்கு தெரிந்திருந்தும் அவள் பட்டியலின் அடியில்தான் நிற்பாள், ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அந்த இடம் அவளுக்கே காட்டப்படும். இதைக் கண்ட பிறகு நேரத்தை நீட்டினோம், பெஞ்சுக்கு ஒரு கைப்பேசி என்று வைத்து நான்கு பேர் கலந்து பேசி விடை சொல்லும்படி மாற்றினோம். கலந்து பேசும் மொழி தமிழாகவும் மலையாளமாகவும் ஆனது. யார் முதலிடம் என்பது பின்னால் போய், ஏன் இந்த விடை என்ற சச்சரவு முன்னால் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சச்சரவுதான்.

இந்தப் பட்டியல்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ எச்சரித்துவிட்டார்கள். 1971இல் எட்வர்ட் டெசி என்னும் உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார். புதிருக்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் குறைந்து காணப்பட்டார்கள். பின்னர் அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, ஒருவர் ஒரு செயலில் மனமொன்றி நிற்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தானே தேர்ந்தெடுத்துச் செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு. 2015இல் வெளியான ஹானஸ், ஃபாக்ஸ் இருவரின் ஆய்வு இன்னும் நேரடியானது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வகுப்புகளை 16 வாரங்கள் ஒப்பிட்டார்கள். பட்டயமும் முன்னணிப் பட்டியலும் வைத்த வகுப்பில் நாள் செல்லச் செல்ல ஊக்கமும் மனநிறைவும் மற்ற வகுப்பைவிடக் குறைந்தன, அந்த ஊக்கக் குறைவின் வழியாக இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் பாதிக்கப்பட்டது. விளையாட்டாக்கம் எல்லா இடத்திலும் தோற்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நிற்கிறது.

எண்ண வேண்டியதைச் சரியாக எண்ணிய ஒரு விளையாட்டும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஃபோல்டிட் விளையாட்டில் ஆடுபவர்கள் புரத மூலக்கூறுகளை மடித்து மடித்துப் பார்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாத ஒரு வைரஸ் நொதியின் வடிவத்தை அவர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்து, அது 2011இல் ஆய்விதழில் வெளியானது. அங்கே புள்ளி என்பது அந்த மடிப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதன் அளவேதான். புள்ளி கூடினால் அறிவியலும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் வைக்கும் புள்ளிக்கும் பாடத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி தொண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி, இடையே ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. கேரளத்தில் இதற்குப் பெருமைக்குரிய ஒரு வரலாறு இருக்கிறது. 1989இல் கோட்டயம் நகரம் முழு எழுத்தறிவு பெற்ற நகரமாக அறிவிக்கப்பட்டபோது, வீடு வீடாகச் சென்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் என்.எஸ்.எஸ். மாணவர்கள் முன்னின்றார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் படகு தேடியவர்களும், நிவாரணக் கிடங்குகளில் அரிசி மூட்டை அடுக்கியவர்களும், உதவி கேட்டு வந்த அழைப்புகளைக் கணினியில் வரிசைப்படுத்தியவர்களும் என்று எல்லாரிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள். அப்போது யாரும் மணிக்கணக்கு கேட்கவில்லை.

சாதாரண நாள்களில்தான் கணக்கு வந்துவிடுகிறது. ஒரு பணியை அறிவித்தால் முதலில் வரும் கேள்வி, "டீச்சர், இதுக்கு எத்தன ஹவர்ஸ் கிடைக்கும்?" என்பது. நிறைவு செய்பவர்களுக்குக் கிரேஸ் மார்க் இருப்பதால் அந்தக் கேள்வியை நான் குறையாக எண்ணவில்லை. வீட்டு நிலைமை நெருக்கும் பிள்ளைக்கு அந்த மார்க் பெரிய உதவி. ஆனால் நேற்றே கூட்டிய வளாகத்தை இன்றும் கூட்டி, பேனர் பிடித்துப் படம் எடுத்து, நோட்டில் நான்கு மணி நேரம் எழுதிக்கொள்ளும் பணியில் மாணவர் கற்பது என்ன? அந்த வேலை நடக்காவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே நடக்காவிட்டால் யாருக்காவது குறையும் ஒரு வேலையைத் தேடினோம். சித்தூரின் கிழக்குப் பகுதியில் அதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையை நினைப்பார்கள். எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கரிசல் மண்ணும், நிலக்கடலையும், கள் இறக்கும் தென்னந்தோப்புகளும் உள்ள நிலம் இது. தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அந்தத் தண்ணீர் எப்போது வரும் என்ற பேச்சு இங்கே டீக்கடைகளில் ஓய்வதில்லை. நிலத்தடி நீர் வரம்பு மீறி எடுக்கப்படும் பகுதியாகச் சித்தூர் ஒன்றியம் நெடுநாள் வகைப்படுத்தப்பட்டிருந்தது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை, கிணறுகள் கெட்டுப்போனதாக மக்கள் போராடியதைத் தொடர்ந்து 2004இல் நின்றது. அந்தப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதி, ஊருக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். பக்கத்து மாவட்டமான திருச்சூரில் 2008 முதல் நடக்கும் மழைப்பொலிமத் திட்டம், கூரை மழைநீரைத் திறந்த கிணற்றுக்குள் விடும் எளிய ஏற்பாடு. இங்கேயும் அப்படிச் செய்ய வேண்டுமானால் எந்தக் கிணற்றில் எவ்வளவு பயன் கிடைக்கும் என்று காட்ட முன்னும் பின்னுமாக அளவுகள் வேண்டும்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாடம் அதற்குள்தான் இருக்கிறது. எஃகு டேப்பின் நுனியில் ஒரு குண்டைக் கட்டி, கீழ்ப்பகுதியில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸ் தேய்க்க வேண்டும். கிணற்றுக்குள் இறக்கி, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பில் முழு மீட்டர் எண் ஒன்று வரும்படி பிடித்து நிறுத்த வேண்டும். மேலே இழுத்ததும் சாக்பீஸ் நனைந்து நிறம் மாறிய இடம் தெரியும். பிடித்தது 12 மீட்டரில், நனைந்தது 0.37 மீட்டர் என்றால் விளிம்பிலிருந்து நீர் 11.63 மீட்டரில் இருக்கிறது. சுவரின் உயரம் 0.80 என்றால் தரையிலிருந்து ஆழம் 10.83 மீட்டர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலோ சற்று முன்தான் நின்றிருந்தாலோ அளவு பொய் சொல்லும், சில மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் ஒத்துழைக்காமல் இந்த வேலை நடக்காது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் முதல் முறை டேப்பை இறக்கியபோது அந்த வீட்டுப் பாட்டி அருகில் வந்து நின்றார். "ஏங்கண்ணு, தண்ணி கெடக்கறதுதான் கண்ணுக்குத் தெரியுதில்ல, அதுக்கெதுக்கு டேப்பு?" என்று கேட்டார். டேப்பைப் பிடித்திருந்த முதலாண்டு மாணவி, வகுப்பில் வாய் திறக்காதவள், தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "தெரியுதுங்க அம்மிச்சி. ஆனா போன மாசத்துக்கு எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு டேப்புதானுங்க சொல்லும்." அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது பாட்டி காலையிலிருந்து மோட்டார் போடாமல் வைத்திருந்தார். "நீங்க வருவீங்கன்னு தொட்டித் தண்ணியிலயே சமாளிச்சுட்டேன்" என்றார். அந்த மாணவி அதற்குப் பிறகு எந்த அளவை நாளையும் தவறவிட்டதில்லை. தன் வருகைக்காக ஒருவர் மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதற்கு ஈடாக எந்தச் செயலியின் பட்டயத்தையும் என்னால் வைக்க முடியாது.

இதிலும் விளையாட்டின் ஒரு பங்கு இருக்கிறது. கிணற்றுக்கு ஒரு புள்ளி என்று வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல: பக்கத்துக் கிணற்று அளவைப் பார்த்துத் தோராயமாக ஓர் எண்ணை எழுதுவது வெயிலில் நடப்பதைவிட எளிது. ஆகவே கிணறுகளை எண்ணவில்லை. ஒரே கிணற்றை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே அளப்பார்கள். இரண்டு அளவும் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் அது சுவரில் ஒட்டியிருக்கும் ஊர் வரைபடத்தில் நீல வட்டமாக ஏறும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே மீண்டும் அளக்க வேண்டும். எத்தனை முறை அளந்தாலும் தண்டனை இல்லை. படிநிலைகளும் உண்டு: முதலில் அளக்கக் கற்பது, அடுத்து வீட்டுக்காரருக்கு அவருடைய கிணற்றின் வரைபடத்தை விளக்கிச் சொல்வது, அதற்கடுத்து ஒரு புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது. பெயர்ப் பட்டியல் கிடையாது. வரைபடம் நிறைவது அனைவருக்கும் பொதுவான வெற்றி. எந்த வார்டில் வட்டங்கள் குறைகின்றன என்று பார்த்து, அடுத்த வாரம் எங்கே போவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

புள்ளியியல் பாடம் இதனால் எப்படி மாறியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தை நான் கரும்பலகையில் ஆண்டுதோறும் விளக்கி வந்திருக்கிறேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். ஒரே கிணற்றுக்குத் தாமும் நண்பரும் எழுதிய எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று விவாதித்த பிறகு, அளவுகளின் சிதறல் என்பது அவர்களுக்குத் தங்கள் கை நடுங்கியதும் டேப் சாய்ந்ததும் ஆகிவிட்டது. கோடையில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. வறண்ட கிணறு வந்தால் படிவத்தில் என்ன எழுதுவது? பலரும் பூஜ்யம் எழுதலாம் என்றார்கள். அதே முதலாண்டு மாணவி எழுந்து, "பூஜ்யம் எழுதினா தண்ணி தரைமட்டத்துல இருக்குன்னு ஆயிரும் டீச்சர்" என்றாள். உண்மைதான், நாங்கள் எழுதுவது நீருக்கு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை. வறண்ட கிணறுகளுக்குப் பூஜ்யம் எழுதிச் சராசரி எடுத்தால், கிணறுகள் வறள வறள நீர்மட்டம் உயர்வதாகக் கணக்கு காட்டும். வெற்றாக விட்டுவிட்டாலும் சராசரி ஏமாற்றும், நீர் உள்ள கிணறுகள் மட்டுமே கணக்கில் நிற்கும். கிணற்றின் அடி ஆழத்தை எழுதி, நீர் அதற்கும் கீழே என்று குறிக்க வேண்டும். சராசரியை விட்டு இடைநிலை அளவுக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணுக்கு, போக வேண்டும். முதுகலையில் முறையாகப் படிக்கும் ஒரு கருத்தை முதலாண்டு வகுப்பு அன்று தானாகவே வந்தடைந்தது, தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பேசி.

மொழியின் இடமும் மாறியது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பாலக்காட்டு நகரப் பக்கத்திலிருந்து வரும் மலையாளப் பிள்ளைகளுக்கு எருத்தேன்பதி, வடகரப்பதி போன்ற எல்லையோரப் பஞ்சாயத்துகளின் வீடுகளில் பேசத் தமிழ் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டும். வகுப்பில் பின்பெஞ்சில் இருந்தவர்கள் குழுவின் முன்னால் நடக்கிறார்கள். படிவங்களை மலையாளத்தில் நிரப்பும்போது நிலைமை திரும்புகிறது, அங்கே இவர்கள் அவர்களிடம் கேட்கிறார்கள். டெசியும் ரயனும் சொன்ன மூன்றாவது தேவை, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு, இங்கே யாரும் தனியாகத் திட்டமிடாமலே நிறைவேறியது.

மதிப்பெண் கேள்வி மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கு இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறது. கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பும் களப்பணிக்கு இடம் தருகிறது. இதை நான் வரவேற்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைக்குக் கிரெடிட் இல்லாத தொண்டு எட்டாத ஒன்று, ஆகவே எல்லாம் மனமுவந்து செய்யட்டும் என்று சொல்வது வசதியுள்ளவர்களின் வாதம். ஆனால் கிரெடிட்டுக்கு எதை மதிப்பிடுகிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். மணி நேரத்தையும் கிணற்று எண்ணிக்கையையும் நான் மதிப்பிடுவதில்லை. ஒரு வார்டின் அளவுகளை எடுத்துக்கொண்டு ஐந்து பக்கத்துக்குள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் எந்த அளவை நம்பலாம், எதை நம்ப முடியாது, ஏன் என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி அந்தப் பகுதிக்குத்தான். தன் அளவில் உள்ள குறையை மறைக்காமல் எழுதுபவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்தால், பொய் எண் எழுத யாருக்கும் காரணம் இல்லாமல் போகிறது.

வேறு கல்லூரிகளில் இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிணற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, ஆனால் ஊரார் திரும்பக் கேட்கும் தகவலாக இருக்கட்டும். நீங்கள் அடுத்த மாதம் போகாவிட்டால் அந்த ஊரில் யாராவது ஏன் வரவில்லை என்று கேட்பார்களா என்பதைப் பாருங்கள். கேட்பார்கள் என்றால், புள்ளிப் பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தைப் படிவத்தைச் செம்மைப்படுத்தவும், பேருந்துக் கட்டணத்துக்கு நிதி தேடவும் செலவிடலாம். எங்கள் பிள்ளைகள் இப்போது எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழைக்கு முந்தைய அளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சிட்டு வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கிணற்று வரைபடம் தனியாகப் போகும். மொத்த அறிக்கையைக் கிராம சபையில் யார் வாசிப்பது என்பதில் இரண்டு குழுக்களுக்கிடையே பேச்சு இன்னும் முடியவில்லை.